பாஸ்டர்கிட்ட கணக்கு கேட்டா நாம கோராகு ஆயிடுவோமா? உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்க

பனியன்கம்பெனி கணக்கன்:
ரொம்ப நாளா எழுதி எழுதி அழிச்ச விஷயம் இது. திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில அக்கவுண்ட்ஸ் பாக்குறேன், அதனாலயே சபையில ஞாயித்துக்கெழம ஆராதனை முடிஞ்சதும் காணிக்கை எண்ணுற வேலை என் தலையில விழுந்துச்சு. பாய விரிச்சு பையக் கவுத்துவோம், பத்து ரூபா காயினத் தனியா அடுக்குவோம், கசங்குன நோட்டத் தொடையில வச்சு நீவி நீவி கட்டு போடுவோம், ஒரு பாட்டி எப்பவும் இருவது ரூபாய நாலா மடிச்சு கவர்ல போட்டு மேல பேரன் பேர எழுதி "பரீட்சைக்கு"ன்னு எழுதியிருப்பாங்க. எண்ணி முடிச்சு சீட்டுல தொகைய எழுதுனா பாஸ்டர் மகன் வந்து பணத்தோட சீட்டையும் சேத்து எடுத்துட்டுப் போயிடுவாரு. நோட்டு கெடையாது, வவுச்சர் கெடையாது. ஆறு வருஷம் இப்பிடி. கம்பெனியில நாப்பது ரூபா டீச்செலவுக்கு பில் இல்லேன்னா திருப்பி அனுப்புற ஆளு நான், அங்க மட்டும் வாய மூடிட்டு உக்காந்திருந்தேன். இப்ப நெனச்சாலும் கூச்சமா இருக்கு.

அப்புறம் ஆலயம் கட்ட எடம் வாங்குறோம்னு பொருத்தனை பண்ண, அதாவது இவ்வளவு குடுக்குறேன்னு நேந்துக்கச் சொன்னாங்க. எங்கம்மா கம்மல வித்துக் குடுத்தாங்க. எடமும் வாங்கியாச்சு, எண்ணெய் ஊத்தி ஜெபிச்சு கல்லும் நட்டாச்சு. ஒரு நாள் சும்மா இருக்கமாட்டாம பதிவுத்துறை வெப்சைட்ல சர்வே நம்பரப் போட்டு ஈசி (வில்லங்கச் சான்று) பாத்தேன். சபை பேரும் இல்ல, டிரஸ்ட் பேரும் இல்ல. பாஸ்டரம்மா பேரு.

தனியாத்தான் போய்க் கேட்டேன், மத்தேயு 18ல சொன்ன மாதிரி. "தம்பி, ஜெபிச்சிட்டுப் பேசலாம்"னாரு. அடுத்த ஞாயிறு பிரசங்கம் எண்ணாகமம் 16. மோசேய எதுத்துக் கேட்ட கோராகு, தாத்தான், அபிராம், இவங்கள பூமி வாயப் பொளந்து குடும்பத்தோட முழுங்குன கதை. குடும்பத்தோடங்குறத மூணு தடவ சொன்னாரு, மூணாவது தடவ மொத்த சபையும் எங்க வரிசையத் திரும்பிப் பாத்துச்சு. அம்மா அழுதுட்டாங்க. சாயங்காலம் வாட்ஸ்அப் குரூப்ல இருந்து தூக்கிட்டாங்க. ஆறு வருஷம் கூட உக்காந்து காணிக்கை எண்ணுன அண்ணன் இப்ப ரோட்டுல எதுக்க வந்தா தன் செருப்பு வாரப் பாத்துட்டே போறாரு.

ஜெபவீரன்:
ப்ரதர், அபிஷேகம் பண்ணப்பட்டவங்களத் தொடாதிருங்கன்னு வசனம் இருக்கு. அவர் தப்பு பண்ணா கர்த்தர் பாத்துக்குவாரு. சபைய இப்பிடி வெளிய அசிங்கப்படுத்தக் கூடாது. உங்களுக்காக ஜெபிக்கிறேன்.

மேலத்தெரு:
நாங்க நெல்லைப் பக்கம், பரம்பரையா கோயில்காரங்க, சர்ச்சத்தான் கோயில்னு சொல்லுவோம். எங்க சேகரத்துல (பக்கத்துச் சபைங்க சேந்த வட்டாரம்) கமிட்டி உண்டு, எலக்சன் உண்டு, ஆடிட் உண்டு, மேல பிஷப் இருக்க திருமண்டலம் வரைக்கும் கேக்க ஆளு உண்டு, அதனால தனிச்சபைக் கதையெல்லாம் கேட்டா நாங்க சிரிப்போம். எங்க தாத்தா செத்த அன்னைக்குத்தான் எங்க லட்சணம் தெரிஞ்சுது. கல்லறைத் தோட்டத்துல குழி வெட்ட ஆள் வந்து நிக்கான், ஐயரு (எங்க பாஸ்டர அப்பிடித்தான் சொல்லுவோம்) கையெழுத்து போடமாட்டேங்காரு, சங்கத்துக்கு நாலு வருஷ சந்தா பாக்கியாம். உண்மையில போன எலக்சன்ல எங்க சித்தப்பா எதிர் அணி, அதான் சங்கதி. ஐயருக்கு உதவியா இருக்க உபதேசியாரு பாவம், நோட்டக் கக்கத்துல வச்சுக்கிட்டு வாசல்ல நிக்காரு, உள்ள வரவும் முடியல திரும்பிப் போவவும் முடியல. ஐஸ் பெட்டித் தண்ணி வாசல் வரைக்கும் ஓடி அவரு செருப்ப நனைக்கி. கடைசியில எங்க அத்தை கழுத்துச் செயினக் கழட்டி அந்த நோட்டு மேல வச்சாவ. அதுக்கப்புறம்தான் கோயில் மணி அடிச்சுது. கமிட்டி இருந்து என்ன செய்ய, பாதிப் பேரு ஐயரு அணி.

பேர் வேண்டாம்:
என்னோடது பணம் இல்ல. கல்யாணமாகி ரெண்டு வருஷம், வீட்டுக்காரருக்குக் குடி, ஒருத்தருக்கும் தெரியாது. உபவாச ஜெபத்தன்னைக்கு பாஸ்டரம்மாகிட்ட மட்டும் அழுது சொன்னேன். அந்த வாரமே ஆராதனை நடுவுல பாஸ்டர் கண்ண மூடிக்கிட்டு, இந்தக் கூட்டத்துல ஒரு சகோதரி, உன் புருஷன் நடுராத்திரி பைக்கக் கீழ போட்டுட்டு வரான், கர்த்தர் பாக்குறார்னு தரிசனம் சொன்னாரு. பைக் விஷயம் நான் சொன்னது ஒரே ஒருத்தர்கிட்ட. சுத்தி எல்லாரும் அல்லேலூயா சொல்லிக் கை தட்டுறாங்க. பக்கத்துல என் மாமியார். வீட்டுக்குப் போன பெறகு நடந்தத இங்க எழுதல. ஒரு மாசம் கழிச்சு பாஸ்டரம்மா கேட்டாங்க, "சாட்சி சொல்ல வரியாம்மா?"

ஹைகோர்ட் பக்கம்:
ஜெபவீரன் அண்ணே, கர்த்தர் பாத்துக்குவாருன்னு விட்டா என்ன ஆகும்னு ரவி சகரியாஸ்னு உலகம் பூரா பேர் வாங்குன பிரசங்கியார் விஷயத்துல பாத்தோமே. 1946ல மெட்ராஸ்ல பொறந்தவர், எங்க வீட்டு அலமாரியில அவர் புக் இன்னும் இருக்கு, தூக்கிப் போடவும் மனசு வரல. 2017லயே ஒரு கனடா தம்பதி விஷயம் கெளம்புச்சு. அவங்க மேலயே கேஸ் போட்டு, வெளிய பேசக்கூடாதுன்னு ஒப்பந்தம் போட்டு முடிச்சாரு, அமைப்பும் அவர் சொன்னதையே நம்புச்சு. 2020 மே மாசம் எறந்தாரு. 2021 பிப்ரவரியில, அவர் அமைப்பே வச்ச வக்கீல் நிறுவனத்தோட ரிப்போர்ட்ல, மசாஜ் செய்யுற பெண்கள்கிட்ட வருஷக்கணக்கா பாலியல் அத்துமீறல்னு வந்துச்சு. போர்டு இருந்துச்சு. அப்ப தலைமை நிர்வாகி அவரோட மக. யாரு யாரக் கேக்குறது?

கணக்கன் தம்பி, சிவில் நடைமுறைச் சட்டம் 92வது பிரிவப் பாருங்க. பொது மத டிரஸ்ட்டுன்னா அதுல அக்கறையுள்ள ரெண்டு பேரு சேந்து கோர்ட் அனுமதியோட கணக்கு கேட்டு வழக்கு போடலாம். ஒருத்தர் பத்தாது. எடம் பாஸ்டரம்மா பேர்ல இருக்கறது தனிச் சண்டை, நல்ல சிவில் வக்கீலா புடிங்க. இதப் படிக்கிற வேற யாருக்காவது கொழந்தைங்க மேல பாலியல் அத்துமீறல் விஷயம்னா கமிட்டி, ஜெபம், சமாதானம் எதுவும் வேண்டாம், நேரா கொழந்தைங்க உதவி எண் 1098க்கு அடிங்க. 2012 போக்சோ சட்டப்படி தெரிஞ்சும் சொல்லாதவங்க மேலயும் கேஸ் வரும்.

பனியன்கம்பெனி கணக்கன்:
ஜெபவீரன் ப்ரதர், நீங்க சொன்ன வசனம் இருக்குற சங்கீதம் 105அத்தான் மூணு மாசமா படிச்சிட்டிருக்கேன். அங்க தொடாதேன்னு சொல்றது ராஜாக்களப் பாத்து. தொடக்கூடாதவங்க யாருன்னா எடம் இல்லாம ஊர் ஊரா அலைஞ்ச கொஞ்சப் பேரு, ஆபிரகாம் வீட்டாளுங்க. அந்த ஆபிரகாமே பொண்டாட்டியத் தங்கச்சின்னு சொன்னப்ப அபிமெலேக்கு கூப்பிட்டு ஏன்யா இப்பிடிப் பண்ணேன்னு கேட்டான், பூமி ஒண்ணும் பொளக்கல. இங்க எடம் வச்சிருக்கறது யாரு, கம்மல் வித்துட்டு வாடகை வீட்டுல இருக்கறது யாருன்னு நீங்களே பொருத்திப் பாருங்க.

வக்கீல் சார், அந்த ரெண்டு பேர்தான் சிக்கலே. பவுலும் சபை மூப்பர் மேல குற்றம் சொல்ல ரெண்டு மூணு சாட்சி வேணும்னுதான் சொல்றாரு (அடுத்த வசனத்துல எல்லாருக்கும் முன்னாடி கடிந்துகொள்னு இருக்கு, அத வச்சு ஒரு பிரசங்கமும் நான் கேட்டதில்ல). நூத்தம்பது குடும்பத்துல ரெண்டாவது ஆளு கெடைக்கல.

நேத்து ராத்திரி ஒரு மிஸ்டு கால். செருப்பு வாரப் பாத்துட்டுப் போற அண்ணன். திருப்பி அடிச்சா எடுக்கல. கொஞ்ச நேரத்துல வாட்ஸ்அப்ல ஒரு போட்டோ, நான் தொகை எழுதுன சீட்டு, என் கையெழுத்து. ஒவ்வொரு ஞாயிறும் பாஸ்டர் மகன் வந்து எடுக்குறதுக்கு முன்னாடி இவரு ஒரு போட்டோ புடிச்சு வச்சிருக்காரு போல. ஒரு வார்த்தை எழுதல, போட்டோ மட்டும் ஒண்ணொண்ணா அனுப்புறாரு. இருவத்தெட்டு வந்திருக்கு, இன்னும் வந்துட்டே இருக்கு.