திசைவியால் மரம் குடைய முடியுமா? – ‘ரவுட்டர்’ கருவிக்கு ஒரு சொல்

குழுவினருக்கு வணக்கம்.

முதன்முறையாகத் தாமே ஸ்பீக்கர் பெட்டி செய்ய நினைப்பவர்களுக்காக, என்னென்ன மரவேலைக் கருவிகள் வேண்டும் என்று ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். பெரும்பாலான கருவிகளுக்குச் சொல் பஞ்சமே இல்லை. உளி, இழைப்புளி, அரம், ரம்பம், மூலைமட்டம், உப்புத்தாள் எல்லாம் கைக்குப் பழகிய சொற்கள். டிரில், கிளாம்ப், ஜிக்சா ஆகியவற்றை அப்படியே விட்டுவிட்டேன். யாருக்கும் புரியாமல் போகாது.

மாட்டிக்கொண்ட இடம் ‘ரவுட்டர்’. சுழலும் அலகு ஒன்றைப் பலகைக்குள் இறக்கி, பக்கவாட்டில் நகர்த்திப் பள்ளம் எடுக்கும் மின்கருவி. ஸ்பீக்கரின் உலோக விளிம்பு பலகை மட்டத்தோடு பதிந்து உட்கார வேண்டுமானால் இது இல்லாமல் முடியாது. கட்டுரையின் ஆங்கிலக் குறிப்புகளைப் பொறிபெயர்ப்பில் போட்டுப் பார்த்தேன். “திசைவியை இயக்கி, பலகையின் மேல் மெதுவாக நகர்த்தவும்” என்று வந்தது. வைஃபை பெட்டியை வைத்து மரத்தைத் தேய்க்கும் காட்சி ஒரு நிமிடம் கண்முன் வந்து போனது.

நல்ல சொல் ஒன்று சொல்லுங்களேன்.

———

> பொறிபெயர்ப்பில் “திசைவி” என்று வந்தது

இதில் என்ன தவறு? ஆங்கிலத்திலும் இரண்டுக்கும் ஒரே சொல்தானே. மரவேலை பற்றிய கட்டுரையில் ‘திசைவி’ என்று வந்தால் எது என்று வாசகருக்குத் தெரியாதா? இல்லையென்றால் ‘ரவுட்டர்’ என்றே எழுதிவிட்டுப் போங்கள். ஒவ்வொரு திருகாணிக்கும் இழை தொடங்கினால் பெட்டி செய்து முடிக்க மாட்டீர்கள்.

———

இழையில் தாமதமாகச் சேர்கிறேன், மன்னிக்கவும். மரவேலை எனக்குப் பொழுதுபோக்கு. நான்கைந்து ஜோடி ஸ்பீக்கர் பெட்டிகள் செய்திருக்கிறேன். அதில் முதல் ஜோடியை யாருக்கும் காட்டுவதில்லை.

‘திசைவி’ சரிவராது. ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே எழுத்துக்கூட்டல், அவ்வளவுதான். பிறப்பு வேறு. வலைப்பின்னல் கருவியின் பெயர் ‘வழி’ என்ற பொருள் கொண்ட சொல்லிலிருந்து வந்தது. மரக்கருவியின் பெயரோ, பன்றி மூக்கால் மண்ணைக் கிளறுவதைக் குறித்த பழைய வினையிலிருந்து வந்தது. தரவுப் பொட்டலத்துக்கு வழி காட்டுகிற பெயரைக் கிழங்கு தோண்டுகிற மூக்குக்கு வைக்கலாமா?

நம் சொல் கருவி செய்யும் வேலையிலிருந்து வரட்டும். டிரில்லுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? இரண்டிலும் அலகு சுழல்கிறது. டிரில் நேராக உள்ளே போய் நேராக வெளியே வருகிறது. இது உள்ளே போன பிறகு பக்கவாட்டில் நகர்ந்து சுவரைச் சுரண்டி இடத்தைப் பெரிதாக்குகிறது. தமிழ் இந்த வேறுபாட்டை முன்பே பிரித்து வைத்திருக்கிறது. கம்மல் போடக் காது குத்துகிறோம். அரித்தால் காது குடைகிறோம். குத்துவது டிரில், குடைவது இந்தக் கருவி. வண்டு மரத்தைக் குடைகிறது. மலையைக் குடைந்து எடுத்த கோயில் குடைவரை. ஆகவே ‘குடைவி’ என்று முன்மொழிகிறேன். ஸ்பீக்கர் விளிம்புக்காக எடுக்கும் பள்ளத்துக்கு ‘குடைவு’ என்ற பெயர் இலவசமாகக் கிடைத்துவிடுகிறது.

கட்டுரை எழுதுபவருக்கு இன்னொரு சேதி. ‘இது இல்லாமல் முடியாது’ என்று எழுதாதீர்கள். முதல் பெட்டிக்கு இது இல்லாமலும் முடியும். ஸ்பீக்கரைப் பதிக்காமல் பலகையின் மேலேயே வைத்துத் திருகினால், ஜிக்சாவால் அறுத்த வட்டம் கொஞ்சம் கோணலாக இருந்தாலும் உலோக விளிம்பு அதை மறைத்துவிடும். விளிம்புக்கு அடியில் நுரைப் பட்டை ஒட்டிக் காற்று கசியாமல் பார்த்துக்கொண்டால் போதும். பலகைகளை வாங்கும் இடத்திலேயே பெரிய மேசை ரம்பத்தில் அளவுக்கு அறுத்து வாங்கிக்கொண்டால் வட்ட ரம்பமும் வேண்டாம். மூலை 90 டிகிரிக்கு வந்திருக்கிறதா என்று மட்டும் அங்கேயே மூலைமட்டம் வைத்துப் பார்த்துவிடுங்கள். ஒட்டும்போது பார்த்துப் பயனில்லை.

———

> பலகைகளை அளவுக்கு அறுத்து வாங்கிக்கொண்டால்

இதை முன்பே சொல்லியிருக்கக் கூடாதா அண்ணா? ஒரு வாரமாக வட்ட ரம்பங்களை ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். அப்படியானால் வரிசை என்ன? கையில் டிரில் இருக்கிறது; வேறு ஒன்றும் இல்லை.

———

முதலில் கிளாம்புகள். நான்கு போதும் என்று எல்லாரும் நினைப்பார்கள், நானும் நினைத்தேன். பசை தடவிய ஆறு பலகைகள் வழுக்கிக்கொண்டு நிற்கும்போது எட்டு இருந்தாலும் போதாது. அப்புறம் ஜிக்சா. அடுத்த மின்கருவி வாங்கக் காசு சேரும்போது வட்ட ரம்பம் வேண்டாம், ஒரு கையால் பிடிக்கும் சின்ன ‘குடைவி’யை வாங்குங்கள். நேர்வெட்டைப் பிறரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்; வட்டக் குடைவை உங்கள் ஸ்பீக்கரின் அளவுக்கு நீங்களேதான் எடுக்க வேண்டும்.

———

நண்பர்களுக்கு வணக்கம். கருவிகளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. சொல்லைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

‘அகழ்வி’ என்று ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார். அகழ்வது மண்ணை, அந்தச் சொல்லைக் கேட்டால் பொக்லைன்தான் நினைவுக்கு வரும். ‘தமர்’ என்றும் ஒரு பழஞ்சொல் உண்டு. மரத்தில் கருவியால் இட்ட துளை என்று பொருள். தமரூசி என்பது அதை இடும் கருவி. ஆனால் அது டிரில்லின் இனம். போதாததற்குத் ‘தமர்’ என்றால் சுற்றத்தார் என்ற பொருளும் இருப்பதால் ‘தமர் இடும் கருவி’ என்று எழுதிவிட்டு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

‘குடை’ என்ற வினை மிகப் பொருத்தம். எனக்கு உறுத்துவது அந்த ‘வி’. உலவி, செயலி, திசைவி, கணினி என்று இகரத்தில் முடியும் புதுச்சொற்கள் எல்லாம் திரைக்குப் பின்னால் இருப்பவை. மரத்தூள் பறக்கும் பட்டறையில் போய் ‘குடைவி’ என்றால் ஏதோ செயலியின் பெயர் போல ஒலிக்கிறது. தச்சர்கள் தங்கள் கருவிகளுக்கு எப்படிப் பெயர் வைத்தார்கள் என்று பாருங்கள். இழைப்பு + உளி, இழைப்புளி. திருப்பு + உளி, திருப்புளி. அந்த வழியிலேயே போனால் குடைவு + உளி, ‘குடைவுளி’.

ஒருவர் கேட்பார் என்று தெரியும், நானே சொல்லிவிடுகிறேன். இழைப்பு, திருப்பு இரண்டிலும் இறுதியில் நிற்பது குற்றியலுகரம். உயிர் வந்தால் ஓடிவிடும். ‘குடைவு’ முற்றியலுகரம். ஆனாலும் கதவு + அடைப்பு ‘கதவடைப்பு’ ஆகவில்லையா? முற்றியலுகரமும் சில இடங்களில் அப்படிக் கெடும். இலக்கணம் தடை சொல்லாது.

———

ஐயா, ஒலி நன்றாக இருக்கிறது. ஆனால் உளி என்பது கையால் தட்டும் கருவி ஆயிற்றே. நிமிடத்துக்கு இருபதாயிரம் சுற்று சுற்றுகிற மின்பொறியை உளி என்றால் ஏற்பார்களா?

———

> மின்பொறியை உளி என்றால் ஏற்பார்களா?

திருப்புளி எதையும் வெட்டுவதில்லை. அதையே உளி என்று ஏற்றுக்கொண்டோம். இது வெட்டவாவது செய்கிறதே.

நான் ‘குடைவி’யைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஐயா கருவிகளைப் பற்றித் தெரியாது என்றார். ஆனால் தெரிந்தவர்களைவிடச் சரியாகத் தொட்டுவிட்டார். ஏன் என்று சொல்கிறேன்.

இந்தக் கருவிக்கு மின்சாரத்துக்கு முந்தைய அவதாரம் ஒன்று உண்டு. ஒரு மரக்கட்டை, அதன் நடுவில் துளை, துளையின் வழியாகக் கீழே துருத்திக்கொண்டு நிற்கும் ஓர் உளி. கட்டையை இரு கையாலும் பிடித்துப் பலகையின் மேல் தள்ளினால், உளி எவ்வளவு துருத்திக்கொண்டு இருக்கிறதோ அந்த ஆழத்துக்குப் பள்ளத்தின் அடியைச் சீராக்கும். அதையும் ஆங்கிலத்தில் இதே பெயரில்தான் அழைக்கிறார்கள். ஒற்றைப் பல் நீட்டிக்கொண்டு நிற்பதால் அதற்குக் ‘கிழவிப் பல்’ என்ற பட்டப்பெயரும் அங்கே உண்டு. அது எழுத்துக்கு எழுத்து குடைவுளி. இப்போதைய மின்கருவியும் அதே ஏற்பாடுதான். தட்டையான அடிப்பலகை, அதிலிருந்து அளந்து இறக்கிய வெட்டுமுனை. வெட்டுமுனை சுழல்கிறது என்பது மட்டுமே புதுசு. அலகில் இரண்டு வெட்டுவாய் இருந்தால், இருபதாயிரம் சுற்றில் நிமிடத்துக்கு நாற்பதாயிரம் சீவல். நாற்பதாயிரம் முறை தட்டிய உளி என்று வைத்துக்கொள்ளுங்களேன். பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் மின்குடைவுளி, கைக்குடைவுளி.

———

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். முன்பு ‘ரவுட்டர் என்றே எழுதுங்கள்’ என்றவன் நான்தான். எனக்கு ஒரே ஒரு ஐயம். இந்தக் கருவி பலகை விளிம்பை உருண்டையாக்கவும் பயன்படுகிறது. பட்டறைகளில் அதற்குத்தான் அதிகம் எடுக்கிறார்கள். விளிம்பை உருட்டுவது குடைவதா? காடி எடுப்பதையும் சேர்த்து ‘காடிப்பொறி’ என்றாலாவது தச்சர்களுக்குத் தெரிந்த சொல்லாக இருக்கும்.

———

காடி நல்ல சொல். பலகையில் நீளமாக ஓடும் பள்ளத்தைக் குறிக்க வேறு சொல்லே தேட வேண்டாம். ஆனால் ஸ்பீக்கருக்கு எடுக்கும் வட்டப் பள்ளத்தைக் காடி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். விளிம்பு உருட்டலைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது உண்மை, அது குடைதல் இல்லை. அரிவாள்மனையில் தேங்காயும் துருவுகிறோம். அதற்காகப் பெயரை மாற்றவில்லை.

உருட்டல் பேச்சு வந்ததால் ஒரு கிளைக்கதை. பெட்டியின் கூரிய விளிம்பில் ஒலி மோதிச் சிதறும், உருட்டினால் அது குறையும் என்பது சரிதான். ஆனால் அளவைப் பாருங்கள். 3,400 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 10 செ.மீ. அதன் முன் 6 மி.மீ. உருட்டல் எம்மாத்திரம்? சின்னக் குடைவுளியால் போடும் உருட்டல் கண்ணுக்கும் கைக்கும்தான். காதுக்கு வேண்டுமானால் 20 மி.மீ. ஆரமாவது வேண்டும். அதற்குத் தடித்த தண்டுள்ள பெரிய அலகு, அதைத் தாங்கும் பெரிய பொறி. மூலையில் 18 மி.மீ. பலகையும் போதாது, உள்ளே கட்டை வைத்து ஒட்ட வேண்டும். முதல் பெட்டிக்கு இதெல்லாம் வேண்டாத வேலை.

———

குழுவினருக்கு மிக்க நன்றி. ‘குடைவுளி’ என்றே வைத்துக்கொள்கிறேன். வாக்கியத்தில் உட்காருகிறதா என்று பார்க்க ஒரு பத்தி எழுதினேன். குறை இருந்தால் சொல்லுங்கள்.

“ஸ்பீக்கரின் விளிம்பு விட்டம் 166 மி.மீ., தடிமன் 5 மி.மீ., அறுக்க வேண்டிய துளை 146 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். முன்பலகையில் வட்டத்தின் நடுவில் ஒரு சிறு துளையிட்டு ஆணி செருகவும். குடைவுளியை ஒரு நீளமான பட்டையில் பொருத்தி, பட்டையை அந்த ஆணியில் மாட்டினால் கருவி கவராயம் போலச் சுற்றி வரும். முதலில் 146 மி.மீ. துளையை வெட்டி எடுக்கவும். பிறகு 167 மி.மீ. விட்டத்தில் 5 மி.மீ. ஆழக் குடைவை எடுக்கவும்.”

———

சொல் உட்காருகிறது. வேலை உட்காரவில்லை!

துளையை முதலில் வெட்டினால் நடுவட்டம் கழன்று கீழே விழும். ஆணியும் அதோடு போய்விடும். அப்புறம் குடைவை எதைச் சுற்றி எடுப்பீர்கள்? நான் யாருக்கும் காட்டாத முதல் ஜோடியின் கதை இதுதான். வரிசையைத் திருப்புங்கள்: முதலில் குடைவு, பிறகு துளை.

6 மி.மீ. அலகு என்றால் ஆணியிலிருந்து அலகின் வெளிவாய் வரை அளக்க வேண்டும், அலகின் நடு வரை அல்ல. குடைவுக்கு 83.5 மி.மீ., துளைக்கு 73. இடையில் இருக்கும் 10.5 மி.மீ. வளையத்தை ஒரே சுற்றில் எடுக்க முடியாது. தூரத்தைக் குறைத்து இரண்டாவது சுற்று போக வேண்டும். ஆழத்தையும் ஒரே மூச்சில் இறக்கக் கூடாது. ஒரு சுற்றுக்கு 3 மி.மீ. என்று வைத்தால் 5 மி.மீ. குடைவுக்கு இரண்டு ஆழம். 18 மி.மீ. பலகையில் மீதி 13 மி.மீ.க்கு ஐந்து. கடைசிச் சுற்றுக்கு முன் அடியில் வேண்டாத பலகை ஒன்றை வைத்து நடுவட்டத்தை அதில் திருகிவிடுங்கள். இல்லாவிட்டால் அறுந்த வட்டம் அலகில் மாட்டிக்கொண்டு குதிக்கும்.

விளிம்பு உருட்டுவது பற்றியும் எழுதப் போகிறீர்கள் என்றால் திசையைச் சொல்ல மறக்காதீர்கள். பலகையின் வெளிவிளிம்பில் இடஞ்சுழியாக, துளையின் உள்விளிம்பில் வலஞ்சுழியாக. மாற்றி ஓட்டினால் கருவி கையை இழுத்துக்கொண்டு ஓடும். எம்டிஎஃப் (மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) தூள் மாவு போல நுண்ணியது. முகக்கவசம் இல்லாமல் ஆரம்பிக்கவே கூடாது.

———

நல்லவேளை, அனுப்புவதற்கு முன் காட்டினேன். திருத்திவிட்டேன்.

ஒரு சொல் பாக்கி. அலகின் தண்டைப் பிடிக்கும் அந்தச் சின்ன உலோகக் குழல், ‘காலட்’. அதை என்ன செய்வது?

———

‘கவ்வுக்குழல்’ என்று போடுங்கள். இதற்குத் தனி இழை வேண்டாம். ஆனால் 6 மி.மீ. கவ்வுக்குழலும் கால் அங்குலக் கவ்வுக்குழலும் வேறு வேறு என்று அதற்குப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். கால் அங்குலம் 6.35 மி.மீ. அதில் 6 மி.மீ. அலகைச் செருகினால் இறுகியது போலத் தோன்றும், ஓடும்போது நழுவும். அலகு வாங்கும்போது கருவியின் கவ்வுக்குழலைக் கையோடு எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.