மாதம் ஒரு கூட்டம், 18 உறுப்பினர்: பேச்சு மன்றத்தில் நேரம் எங்கே போகிறது?

வெண்பலகை (கேள்வி)

எங்கள் பேச்சு மன்றம் மாதம் ஒருமுறை 2 மணி நேரம் கூடுகிறது. முழுக்கத் தமிழில்தான் நடக்கிறது. உறுப்பினர் 18 பேர். வருவது 13, 14 பேர், கூட ஓரிரு புதுமுகங்கள். நிரல் வழக்கமானதுதான்: வரவேற்பு, 4 தயாரித்த பேச்சு, திடீர்ப் பேச்சு (தயாரிப்பின்றி, அங்கேயே கேட்கும் கேள்விக்கு), மதிப்பீடு, நன்றி. தாளில் பார்த்தால் 120 நிமிடத்துக்குள் அடங்குகிறது. நடப்பில் இரண்டே முக்கால் மணி நேரம் ஆகிறது, இல்லையென்றால் திடீர்ப் பேச்சு காவு போகிறது. நாலைந்து பேர் எப்போதும் வாயே திறக்காமல் கிளம்புகிறார்கள்.

இன்னொன்று, மதிப்பீடு. யார் பேசினாலும் "அருமை, குரல் நன்று, கண் தொடர்பு கொஞ்சம் கூடலாம்." ஆள் மாறினாலும் மதிப்பீடு மாறுவதில்லை. புதுமுகங்கள் ஒருமுறை வருகிறார்கள், அடுத்த மாதம் காணோம்.

நிரலை மாற்றுவதா, பேச்சுகளின் எண்ணிக்கையைக் குறைப்பதா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

மணல்கடிகை

பேச்சைக் குறைக்காதீர்கள். நேரம் பேச்சில் போவதில்லை, பேச்சுக்கும் பேச்சுக்கும் நடுவில் போகிறது.

எண்ணிப் பாருங்கள். 4 பேச்சு, 8 திடீர்ப் பேச்சு, 4 மதிப்பீடு, 4 பொறுப்பாளர் அறிக்கை என்றால் மேடையில் ஆள் மாறுவது 20 தடவை. ஒவ்வொரு தடவையும் தொகுப்பாளர் ஒன்றரை நிமிடம் எடுத்துக்கொண்டால் அதுவே 30 நிமிடம். முடிந்த பேச்சின் சாரத்தைத் திரும்பச் சொல்வது, தனக்குத் தோன்றியதைச் சேர்ப்பது, அடுத்தவரின் பெருமைகளைப் பாடுவது, இதெல்லாம்தான் அந்த ஒன்றரை நிமிடம். பெரும்பாலான தாள்களில் இதற்கு ஒரு வரிகூட இருக்காது.

120 நிமிடத்தை இப்படிப் பிரிக்கலாம்:

தொடக்கம், பொறுப்பாளர் அறிமுகம்: 5
4 பேச்சு, ஒன்றுக்கு 10 (அறிமுகம் 1, பேச்சு 7, அவையோர் குறிப்பெழுத 2): 40
இடைவேளை: 10
8 திடீர்ப் பேச்சு, ஒன்றுக்கு 3 (பேச்சு 2, கேள்விக்கும் எழுந்து வரவும் 1): 24
4 மதிப்பீடு, ஒன்றுக்கு 3.5: 14
நேரம், மொழி அறிக்கைகள்: 5
பொது மதிப்பீடு (கூட்டம் முழுவதற்கும்): 5
அடுத்த மாதப் பொறுப்புகள், நிறைவு: 7

கூட்டினால் 110. மிச்சம் 10 நிமிடத்தை யாருக்கும் கொடுக்காதீர்கள். அது தாமதமாகத் தொடங்குவதற்கும் ஒலிபெருக்கி மக்கர் செய்வதற்கும். 20 பேர் இருக்கும் அறைக்கு மைக் தேவையே இல்லை என்பது என் கருத்து. அது குரலின் குறையை மூடிவிடும், அப்புறம் மதிப்பீட்டாளருக்கு எது காதில் விழும்?

இந்தக் கணக்கில் 4 பேச்சாளர், 4 மதிப்பீட்டாளர், தொகுப்பாளர், திடீர்ப் பேச்சு நடத்துநர், நேரக் காப்பாளர், மொழிக் கவனிப்பாளர், பொது மதிப்பீட்டாளர் என 13 பேருக்குப் பொறுப்பு வந்துவிடுகிறது. 14 பேர் வந்தால் மிஞ்சும் ஒருவரைத் திடீர்ப் பேச்சுக்கு முதலில் அழையுங்கள். மீதி இடங்களுக்கு மதிப்பீட்டாளர்கள், விருப்பமுள்ள புதியவர்கள். அன்று தயாரித்துப் பேசியவர்களை மட்டும் விட்டுவிடுங்கள்.

யாராவது கடைசி நேரத்தில் வராமல் போனால் பதற வேண்டியதில்லை. ஒரு பேச்சு விழுந்தால் அதன் 10 நிமிடமும் மதிப்பீட்டின் மூன்றரையும் மிச்சம். அதில் 4 திடீர்ப் பேச்சு தாராளமாக அடங்கும். "வேறு யாராவது பேசுகிறீர்களா?" என்று அவையைப் பார்த்துக் கெஞ்சுவதைவிட இது மேல்.

நேரக் காப்பாளர்: 1924-இல் கலிஃபோர்னியாவின் சாண்டா அனாவில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் பேச்சு மன்றங்களில் இன்று புழங்கும் முறையையே எடுத்துக்கொள்ளலாம். 5 முதல் 7 நிமிடப் பேச்சுக்கு 5-இல் பச்சை விளக்கு, 6-இல் மஞ்சள், 7-இல் சிவப்பு, அதற்குமேல் 30 விநாடி சலுகை. திடீர்ப் பேச்சுக்கு 1, ஒன்றரை, 2. மதிப்பீட்டுக்கு 2, இரண்டரை, 3. விளக்கு இல்லாவிட்டால் ஏ4 அளவு வண்ண அட்டை போதும். கைப்பேசித் திரையில் நிறம் காட்டுவதைத் தவிருங்கள், பாதியில் அணைந்துவிடும்.

இதில் வழக்கமாக நேரும் தவறு மூன்று. பேச்சாளர் எழுந்து நடக்கும்போதே கடிகாரத்தைத் தட்டுவது (முதல் சொல்லில்தான் தட்ட வேண்டும்). ஓரத்தில் உட்கார்ந்து அட்டை காட்டுவது (கடைசி வரிசை நடுவில் இருந்தால்தான் பேச்சாளர் தலையைத் திருப்பாமல் பார்ப்பார்). அட்டையைக் காட்டிவிட்டு உடனே இறக்குவது. அடுத்த நிறம் வரும்வரை தூக்கியே பிடிக்கட்டும். கை வலிக்கும் என்றால் எதிரில் ஒரு நாற்காலி போட்டு அதன் முதுகில் செருகி வைக்கலாம்.

---

கடைசி வரிசை

மணல்கடிகை சொன்னதோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறேன், மைக் தவிர. மெல்லிய குரல் உள்ளவருக்கு மைக் பிடிக்கும் பழக்கமும் வேண்டும், வெளி மேடையில் அதுதான் கையில் கொடுக்கப்படும். 4 பேச்சில் ஒன்றை மைக்கோடு வைத்துக்கொள்ளுங்கள்.

மதிப்பீட்டுக்கு வருகிறேன். "அருமை" என்று சொல்வதற்குக் காரணம் பயமோ தாட்சண்யமோ மட்டுமல்ல. எதைப் பார்ப்பது என்று மதிப்பீட்டாளருக்கு முன்கூட்டித் தெரியாது. எல்லாவற்றையும் பார்ப்பவர் எதையும் பார்ப்பதில்லை. கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே இருவரும் பேசிவிட வேண்டும். பேச்சாளர் ஒரே ஒரு குறியைச் சொல்லட்டும்: "முடிவுரைக்கு வரும்போது வேகம் பிடித்துவிடுகிறேன், அதைப் பாருங்கள்" என்பது போல. "எப்படி இருந்தது என்று சொல்லுங்கள்" என்றால் அருமைதான் வரும்.

மதிப்பீட்டாளரின் தாளில் மூன்று நெடுவரிசை. முதலில் நேரம், அடுத்து அவர் சொன்னது அல்லது செய்தது, மூன்றாவதில் கேட்பவருக்கு என்ன ஆயிற்று. தாளில் இல்லாத எதையும் மேடையில் சொல்லக்கூடாது என்று வைத்துக்கொண்டால் பொத்தாம்பொதுப் பாராட்டு தானாக நின்றுவிடும்.

ஒரே குறையை இரண்டு விதமாகச் சொல்லிப் பாருங்கள்.

ஒன்று: "கண் தொடர்பு இன்னும் வேண்டும்."

மற்றொன்று: "முதல் மூன்று நிமிடமும் இடப்பக்க வரிசையை மட்டுமே பார்த்தீர்கள். குறிப்புத்தாள் மேசையின் இடது ஓரத்தில் இருந்தது, தாளைப் பார்க்கத் திரும்பிய முகம் அங்கேயே நின்றுவிட்டது. அடுத்த முறை தாளை நடுவில் வையுங்கள்."

முதலாவதைக் கேட்டவர் வீட்டுக்குப் போய் என்ன செய்வார்? ஒன்றும் செய்ய முடியாது. இரண்டாவதில் ஒரு தாளை ஒரு சாண் நகர்த்தினால் போதும்.

பாராட்டு, குறை, பாராட்டு என்று அடுக்கும் முறையை நான் பரிந்துரைப்பதில்லை. இரண்டு மாதத்தில் எல்லாருக்கும் அந்த அமைப்பு பழகிவிடும், "ஆனால்" வரும்வரை யாரும் காது கொடுக்க மாட்டார்கள். 3 நிமிடத்தில், வேலை செய்த இடங்கள் இரண்டு, மாற்ற வேண்டியது ஒன்று. அதை எப்படி மாற்றுவது என்று மேடையிலேயே செய்து காட்டிவிட்டால் இன்னும் நல்லது. உள்ளடக்கத்தோடு வாதாடுவது மதிப்பீடு ஆகாது, "நீங்கள் சொன்ன கருத்தில் எனக்கு உடன்பாடில்லை" என்று தொடங்கினால் பொது மதிப்பீட்டாளர் தன் உரையில் அதைக் குறிப்பிட வேண்டும்.

அந்த 2 நிமிட குறிப்பெழுதும் நேரத்தை யாரும் வெட்டிவிடாதீர்கள். 12 பேர் ஆளுக்கு ஒரு சீட்டு எழுதினால் பேச்சாளர் கையில் 12 சீட்டு. மேடையில் கூச்சப்படுபவர் சீட்டில் உள்ளதை உள்ளபடி எழுதுவார்.

---

ஒற்றுப்பிழை

மொழிக் கவனிப்பாளர் அறிக்கையை மூன்று நிமிடச் சடங்காக விட்டுவிட்டார்களே என்று எழுதுகிறேன். தமிழில் நடக்கும் மன்றத்துக்கு இந்தப் பொறுப்பு தனி.

நிரப்புச் சொற்களை எண்ணச் சொன்னால் "ம்ம்", "ஆ" மட்டும் எண்ணுவார்கள். நம்மிடம் புழங்குபவை வேறு: "வந்து", "அதாவது", "என்னன்னா", "பாத்தீங்கன்னா", "அப்படிங்கிற", "ஸோ". எண்ணும்போது புத்தியும் வேண்டும். "வீட்டுக்கு வந்து சொன்னான்" என்பதில் வந்து வினைதான். "இந்தத் திட்டம் வந்து ரொம்ப முக்கியம்" என்பதில்தான் அது நிரப்பு. கண்மூடித்தனமாகக் கோடு போட்டுவிட்டு "17 வந்து" என்று வாசிப்பவரைப் பேச்சாளர் ஒருபோதும் நம்பமாட்டார்.

இதைவிடப் பெரிய வியாதி முற்றுப்புள்ளி இல்லாமை. "போயிட்டு, பாத்துட்டு, கேட்டுட்டு, அவர் சொன்னதை எழுதிக்கிட்டு, திரும்பி வந்து…" என்று வினையெச்சம் வினையெச்சமாகக் கோத்துக்கொண்டே போவது. தமிழ் இலக்கணம் இதற்கு இடம் கொடுக்கிறது, கேட்பவரின் மூச்சு கொடுப்பதில்லை. எச்சம் மூன்றைத் தாண்டினால் ஒரு கோடு போடுங்கள். திருத்தமும் எளிது: இரண்டாவது எச்சத்தை முற்றாக்கி அங்கே மூச்சு விடுவது. "போய்ப் பார்த்தேன். கேட்டேன். அவர் சொன்னதை எழுதிக்கொண்டேன்." இடைநிறுத்தமும் அதிலேயே கிடைத்துவிடும். பல நேரம் "வந்து" குறைவதும் இதனால்தான், ஏனென்றால் வாக்கியம் முடியாதபோதுதான் வாய் எதையாவது போட்டு நிரப்புகிறது.

மூன்றாவது, நடை. மேடைத்தமிழா பேச்சுத்தமிழா என்பது பேச்சாளரின் உரிமை. "வந்தார்கள்" என்று தொடங்கி நாலாவது நிமிடத்தில் "வந்தாங்க" என்று இறங்குவதுதான் இடறும். மனப்பாடம் தீர்ந்த இடம் அதுதான் என்று அவைக்குத் தெரிந்துவிடும். கதை சொல்லும் பகுதியிலும் உரையாடலிலும் மட்டும் பேச்சு நடை என்று திட்டமிட்டு மாறினால் குறையில்லை, அழகு.

விளிகளையும் கவனியுங்கள். தலைவர், நடுவர், பொறுப்பாளர், பெரியோர், தாய்மார் என்று தனித்தனியாக வணக்கம் வைத்தால் 7 நிமிடப் பேச்சில் முக்கால் நிமிடம் போச்சு. "அவையோருக்கு வணக்கம்" ஒன்றே போதும்.

எழுதி வைத்துப் பேசுகிறவர்களுக்கு: ஆங்கில வழிகாட்டிகளில் காணும் நிமிடத்துக்கு இத்தனை சொல் என்ற கணக்கு நமக்கு உதவாது. "போகவேண்டியிருந்தது" நமக்கு ஒரே சொல். வாய்விட்டுப் படித்து நேரம் பாருங்கள். தனியாகப் படிக்கும்போது 6 நிமிடத்தில் முடிந்தால் அவையில் 7 வரும், சிரிப்புக்கும் நிறுத்தத்துக்கும் இடம் வேண்டுமே.

---

வெண்பலகை

மிக்க நன்றி. ஆள் மாறும் நேரத்தை நாங்கள் கணக்கிலேயே எடுக்கவில்லை. இரண்டு சந்தேகம். நிரப்புச் சொல் வந்ததும் மணி அடிக்கலாம் என்று ஒருவர் யோசனை சொல்கிறார், சரிப்படுமா? திடீர்ப் பேச்சுக்குக் கேள்வி தயாரிப்பது எப்படி? இப்போது "உழைப்பா, அதிர்ஷ்டமா" வகைதான் கேட்கிறோம்.

---

கடைசி வரிசை

மணி வேண்டாம். பேசுகிறவர் அடுத்த வாக்கியத்தை யோசிக்காமல் மணிக்குக் காத்திருப்பார், நிரப்பு இன்னும் கூடும். புதுமுகம் அதைப் பார்த்தால் மறுமாதம் வரமாட்டார். கோடு போட்டுத் தாளைக் கையில் கொடுத்தால் போதும், எண்ணிக்கையை அவையில் அறிவிக்கக்கூடத் தேவையில்லை.

"உழைப்பா, அதிர்ஷ்டமா" என்றால் பட்டிமன்றத்தில் கேட்ட வரிகள் வந்து விழும். அது நினைவாற்றல் பயிற்சி. கேள்வி ஒரே மூச்சில் கேட்டு முடிப்பதாக, ஆளுக்கு ஆள் பதில் மாறுவதாக இருக்க வேண்டும். "பழுதாகியும் நீங்கள் தூக்கி எறிய மறுக்கும் பொருள் எது, ஏன்?" "உங்கள் வேலையில் வெளியாள் தப்பாகப் புரிந்துகொண்டிருப்பது எது?" ஆம், இல்லை என்று முடிகிற கேள்விகளை அடித்துவிடுங்கள். துக்கம், நோய், கடன் பக்கம் போகாதீர்கள்.

கேள்வியை முதலில் படிக்க வேண்டும், ஐந்து விநாடி விட வேண்டும், பிறகுதான் பெயர். பெயரை முதலில் சொன்னால் மற்ற 13 பேரும் நிம்மதியாகச் சாய்ந்துகொள்வார்கள். புதியவரை வாசலிலேயே "இன்று பேசுகிறீர்களா, பார்க்கிறீர்களா?" என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பேசுகிறேன் என்றால் நாலாவது, ஐந்தாவது ஆளாக அழையுங்கள். அதற்குள் இரண்டு பழைய உறுப்பினர்கள் தடுமாறியதைப் பார்த்திருப்பார், அதைவிடப் பெரிய தைரியம் இல்லை.

---

மணல்கடிகை

ஒன்று விட்டுப்போயிற்று. மாதம் 4 பேச்சு என்றால் வருடத்துக்கு 48. 18 பேருக்குப் பங்கிட்டால் சிலருக்கு இரண்டு, பலருக்கு மூன்று. நாலு, ஆறு மாத இடைவெளியில் முந்தைய மதிப்பீடு யாருக்கும் நினைவிருக்காது. ஆகவே சீட்டுகளையும் மதிப்பீட்டுத் தாளையும் பேச்சாளர் ஒரு கோப்பில் வைத்திருந்து, அடுத்த பேச்சுக்கு முன் புதிய மதிப்பீட்டாளரிடம் கொடுக்கட்டும். கூட்டங்களுக்கு நடுவில் மூவர் மூவராகப் பிரிந்து, இணைய அழைப்பிலாவது அரை மணி நேரம் பேசிப் பழகினால் இடைவெளி பாதியாகும். 18 பேருக்கு 6 குழு, கணக்கும் சரியாக வருகிறது.

பொறுப்புகளை எப்போதும் இரண்டு மாதம் முன்னால் எழுதி வையுங்கள். பேச்சாளருக்கு நினைவூட்டல் 14 நாள் முன்பு, 7 நாள் முன்பு, 2 நாள் முன்பு. அந்த 7-ஆம் நாள் அழைப்புதான் முக்கியம், தலைப்பு இன்னும் முடிவாகவில்லை என்றால் அன்றே மாற்றாளைப் பிடித்துவிடுங்கள்.

---

வெண்பலகை

கடைசியாக ஒன்று. மூத்த உறுப்பினர் ஒருவர் சிவப்பு அட்டையைப் பார்த்தும் நிறுத்துவதில்லை. 12 நிமிடம் ஓடும். யாரும் வாய் திறக்க முடியவில்லை.

---

மணல்கடிகை

வாய் திறக்கவே வேண்டாம். ஏழரை நிமிடம் ஆனதும் தொகுப்பாளர் எழுந்து மேடை ஓரத்துக்கு வந்து நிற்க வேண்டும். 8 ஆனால் கைதட்டத் தொடங்க வேண்டும், அவையும் சேர்ந்து தட்ட வேண்டும். இது விதி என்று கூட்டத் தொடக்கத்தில் ஒவ்வொரு மாதமும் நேரக் காப்பாளர் ஒரு வரியில் அறிவிக்கட்டும். முதல் தடவை இதை அந்த மூத்தவரிடம் செய்யாதீர்கள். மன்றத் தலைவரே வேண்டுமென்று எட்டு நிமிடம் பேசி, கைதட்டு வாங்கிக்கொண்டு இறங்கட்டும்.