மூன்றாம் முறை அதே நிலை

சென்னையில் ஒரு செஸ் ரேட்டிங் ஓபன் போட்டி, நான்காவது சுற்று. எனக்குக் கறுப்பு. எதிரே வங்கியில் ஓய்வு பெற்ற ஒரு சார். ரேட்டிங்கில் என்னைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். கரோ-கான் என்ற தொடக்க முறையை ஆடினேன். நடு ஆட்டத்தில் சொல்ல ஒன்றுமில்லை, இருவரும் காய்களை வெட்டிக்கொண்டே போனோம். கடைசியில் அவருக்கு ஒரு யானையும் ஒரு சிப்பாயும், எனக்கு யானை மட்டும்.

டிரா ஆக வேண்டிய நிலைதான். பிலிடோர் என்ற பழைய பிரெஞ்சு செஸ் மேதை 1777-லேயே எழுதி வைத்தது. சாரின் சிப்பாய் இ5 கட்டத்தில், ராஜா டி5-ல். என் ராஜா இ8-ல். என் யானை ஆறாவது வரிசையிலேயே நின்றால் அவர் ராஜா மேலே ஏற முடியாது. சிப்பாயை இ6-க்குத் தள்ளினால் என் யானை முதல் வரிசைக்கு இறங்கிப் பின்னாலிருந்து செக் கொடுக்கும். சிப்பாய் முன்னேறிவிட்டதால் ராஜா ஒளிய இடமிருக்காது.

சார் தள்ளவே இல்லை. யானையை ஹெச்7, பி7 என்று மாற்றி மாற்றி வைத்தார், இடையில் ராஜாவை இ4-க்கு இறக்கித் திரும்பக் கொண்டுவந்தார். நகர்வுக்கு 30 வினாடி கூடுவதால் யாருக்கும் டைம் விழாது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். நாலு மணி நேரம் உட்கார்ந்தபின் எங்கள் ரேட்டிங்கில் யானையைச் சும்மா கொடுப்பவர்கள் உண்டு.

ஒரே நிலை மூன்று முறை வந்தால் டிரா கேட்கலாம். யானையை ஏ6-ல் வைத்தால் அதே நிலை மூன்றாம் முறை வரும் என்று ஸ்கோர் ஷீட்டில் தெரிந்தது. காயைத் தொடாமல் நகர்வை எழுதி, கடிகாரத்தை நிறுத்தி, ஆர்பிட்டரை, அதாவது நடுவரைக் கூப்பிட்டேன். முதலில் ஆடிவிட்டுக் கேட்டால் செல்லாது.

"நடுவுல ராஜாவை நகர்த்தினேனே சார், தொடர்ச்சியா வரலையே?" என்றார் அவர். பலரும் நினைப்பது இதுதான். தொடர்ந்து வர வேண்டியதில்லை. காய்கள் அதே கட்டங்களில் இருந்து, அடுத்து ஆட வேண்டியவரும் அதே ஆள் என்றால், இடையில் எத்தனை நகர்வு போயிருந்தாலும் கணக்குதான். (கேஸ்லிங், ஆன்-பாசான் என்ற சிறப்பு நகர்வுகளுக்கான உரிமைகளும் மாறியிருக்கக் கூடாது. எங்கள் பலகையில் அதற்கு வேலையே இல்லை.)

ஆர்பிட்டர் ஷீட்டைப் பார்த்து இன்னொரு பலகையில் ஆடிச் சரிபார்த்தார். கணக்கு தப்பியிருந்தால் சாருக்கு 2 நிமிடம் கூடியிருக்கும், எழுதிய நகர்வையே நானும் ஆடியாக வேண்டும். 62, 65, 71-ஆம் நகர்வுகளில் அதே நிலை. டிரா.

வெளியே டீ குடிக்கும்போது சார் கேட்டார்: "இ6 தள்ளியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?" செக் வரிசையைச் சொன்னேன். "தெரியும்னு நினைச்சேன், அதான் தள்ளல" என்றவர், அடுத்த சுற்றில் யாருக்கு யார் என்ற பேரிங் பட்டியலை ஒட்டிவிட்டார்களா என்று பார்க்கக் கிளம்பினார்.