வயிற்றுப்போக்கின்போது டாக்ரோலிமஸ் அளவு கூடுமா?

வேளச்சேரி மருமகள்:
சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்ட என் மாமனார், புதிய சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் தடுக்கும் டாக்ரோலிமஸ் மருந்தைக் காலையும் இரவும் சாப்பிடுகிறார். சென்ற வாரம் வயிற்றுப்போக்கு கடுமையாக இருந்ததால், மருந்து உடம்பில் ஒட்டாமல் போய்விடுமோ என்று பயந்தோம். ஆனால் இரத்தப் பரிசோதனையில் அதன் அளவு கூடியிருந்தது. காபி டம்ளரைப் பிடித்தால் தளும்பும் அளவுக்குக் கை நடுங்குகிறது. மருத்துவர் மருந்தைக் குறைத்திருக்கிறார். இது எப்படி நேர்கிறது?

பெரம்பூர் மருந்தாளுநர்:
சகோதரி, டாக்ரோலிமஸைப் பொறுத்தவரை இது பலமுறை கண்டறியப்பட்ட ஒன்றுதான். சாதாரண நாளிலேயே, விழுங்கிய மருந்தில் சராசரியாக நான்கில் ஒரு பங்குதான் இரத்தத்தைச் சேர்கிறது. ஏனெனில் சிறுகுடலின் உட்சுவர்ச் செல்களில் உள்ள சிஒய்பி3ஏ நொதிகள் அதைச் சிதைக்கின்றன, அதே செல்களில் உள்ள பி-கிளைக்கோபுரதம் என்ற புரதமோ உள்ளே நுழைந்ததையும் மறுபடி குடலுக்குள் தள்ளிவிடுகிறது. அழற்சியால் அச்செல்கள் பழுதாகும்போது இவ்விரண்டு காவலும் தளர்வதால், அதே அளவு மருந்திலிருந்து கூடுதல் பங்கு உள்ளே போய்விடுகிறது. போதாக்குறைக்கு, அழற்சியின்போது சுரக்கும் இன்டர்லியூகின்-6 போன்ற அழற்சிப் புரதங்கள் கல்லீரலிலும் இந்நொதிகளின் உற்பத்தியைக் குறைக்கக்கூடியவை. கை நடுக்கம் அளவு கூடியதன் அறிகுறியாக இருக்கலாம். மருந்து மிகுந்தாலும் நீரிழப்பு ஏற்பட்டாலும் பாதிக்கப்படுவது அதே சிறுநீரகம்தான் என்பதால் அலட்சியம் கூடவே கூடாது. மருந்துக்கடையில் கேட்டு எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகளையோ பூஞ்சைத் தொற்றுக்கான ஃபுளுகோனசோலையோ வாங்கித் தந்துவிடாதீர்கள். அவையும் இதே நொதியை முடக்குபவை.

தாம்பரம் வாசகர்:
எல்லா மருந்துக்கும் இது பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். பெருங்குடல் அழற்சிக்கு நான் சாப்பிடும் மெசலமைன் மாத்திரையின் மேலுறை, சிறுகுடலின் கடைப்பகுதியில் பிஎச் (அமில-காரத் தன்மையின் அளவு) 7-ஐ எட்டிய பிறகே கரையும். நோய் முற்றி வயிற்றுப்போக்கு கடுமையாக இருந்த நாட்களில் மாத்திரை கரையாமல் முழுதாக மலத்தில் வந்ததைப் பார்த்து மருத்துவரிடம் சொன்னேன். எனிமாவாகத் தரும் வடிவத்தையும் சேர்த்தார்.

வேளச்சேரி மருமகள்:
மிக்க நன்றி. வயிற்றுப்போக்கு இப்போது நின்றுவிட்டது. பழைய அளவுக்கே திரும்பலாமா?

பெரம்பூர் மருந்தாளுநர்:
நீங்களாக மாற்ற வேண்டாம். குடல் தேறியதும் நொதிகளும் மீள்வதால், குறைத்த அளவு போதாமல் போய், உடல் புதிய சிறுநீரகத்தை நிராகரிக்கும் அபாயம் உண்டு. இன்றே மருத்துவரிடம் தெரிவித்து, மறுபரிசோதனைக்கு நாள் கேளுங்கள். அன்று காலை மருந்தைக் கையோடு எடுத்துச் சென்று, இரத்தம் கொடுத்த பிறகே சாப்பிடச் சொல்லுங்கள்.