மது குடித்தபடி ஆடும் குடி விளையாட்டுகளை நாட்டார் வழக்காறு (மக்களிடையே வாய்வழியாக வழங்கிவரும் மரபு) என்று சொல்லலாமா?

ஓலைக்கட்டு:
சொல்லலாம் என்பது மட்டுமல்ல, முறையாகச் சேகரிக்கவும் வேண்டும் என்பேன். ராஜா சீட்டு ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். நடுவில் ஒரு கோப்பை, சுற்றிலும் கவிழ்த்து வைத்த சீட்டுகள். எந்தச் சீட்டுக்கு என்ன விதி என்பதைப் பெரும்பாலோர் புத்தகம் பார்த்துக் கற்பதில்லை. மூத்த மாணவர் சொல்ல, இளையவர் கேட்டுக்கொள்கிறார். அவர் இன்னொரு கூட்டத்துக்குப் போகும்போது கொஞ்சம் மாற்றிச் சொல்கிறார். நான்காவது ராஜாவை எடுத்தவர் நடுக்கோப்பையைக் குடிக்க வேண்டும் என்பது பெரும்பாலும் மாறாது. மற்றவை அறைக்கு அறை வேறு. அதனால்தான் ஆட்டம் தொடங்கும் முன்பே "உங்கள் பக்கம் ஏழுக்கு என்ன?" என்று ஒரு வாக்குவாதம் நடக்கும். இயற்றியவர் பெயர் தெரியாது, வாய்வழியாகப் பரவுகிறது, இடத்துக்கு இடம் திரிகிறது. தாலாட்டுக்கும் விடுகதைக்கும் இதே குணங்களைத்தானே சொல்கிறோம்?

நேர்க்கோடு:
பரவும் விதம் பற்றி நீங்கள் சொல்வது சரி. நான் தண்டனையைப் பார்க்கச் சொல்கிறேன். சிறுவர் விளையாட்டில் தோற்றவர் வெளியே நிற்பார், அடுத்த ஆட்டத்தில் உள்ளே வந்துவிடுவார். இங்கே தோற்றவர் குடிக்கிறார். குடித்ததால் கை தடுமாறுகிறது, நாக்கு குழறுகிறது. எண்ணிக்கொண்டே போய் ஏழு வரும் இடத்தில் வேறு சொல் சொல்ல வேண்டிய ஆட்டமென்றால் அவர்தான் மறுபடியும் தவறுவார், மறுபடியும் குடிப்பார். யார் ஏற்கெனவே அதிகம் குடித்திருக்கிறாரோ அவருக்கே மேலும் ஊற்றும்படி ஆட்டம் அமைந்திருக்கிறது. இதற்கு மரபு என்று பெயர் வைத்தால் மறுத்துப் பேசுகிறவரின் வாயை அடைக்க அந்தப் பெயரே போதும்.

ஓலைக்கட்டு:
பெயர் வைப்பது பாராட்டு ஆகாது. வசையும் வதந்தியும்கூட வழக்காறுகள்தான். இதன் வேர் ஆழமானது என்பதையும் பாருங்கள். பழைய கிரேக்கத்தில் விருந்துக் கட்டிலில் சாய்ந்தபடி, கோப்பையின் அடியில் தங்கிய மதுவைச் சுழற்றி எறிந்து, தண்டின் மேல் நிற்கும் சிறு தட்டை விழச் செய்வார்கள். கொட்டபோஸ் என்று பெயர். மதுக்கிண்ண ஓவியங்களிலேயே அந்தக் காட்சி இருக்கிறது. சீனத்தில் கி.பி. 353-இல் எழுத்துக்கலைஞர் வாங் சீட்சி கூட்டிய ஆர்க்கிட் மண்டப விருந்தில் ஓடையில் கோப்பைகளை மிதக்கவிட்டார்கள். கோப்பை யார் முன் நிற்கிறதோ அவர் கவிதை சொல்ல வேண்டும். வந்திருந்த 42 பேரில் 26 பேர் 37 கவிதைகள் சொன்னார்கள். மற்ற 16 பேருக்கு அபராதம்.

நேர்க்கோடு:
அபராதம் எவ்வளவு என்பதையும் சொல்லுங்கள். ஆளுக்கு மூன்று கோப்பை, அவ்வளவுதான். கோப்பை வரும் வேகத்தைத் தீர்மானித்தது ஓடை. கொட்டபோஸில் மதுவை எறிகிறார்கள்; தோற்றால் குடி என்பது அந்த ஆட்டத்தின் அடிப்படையே அல்ல. இப்போதைய ராஜா சீட்டில் வரும் "அருவி" விதியை இவற்றோடு வைத்துப் பாருங்கள். எல்லோரும் ஒன்றாகக் குடிக்கத் தொடங்க வேண்டும், முந்தைய ஆள் நிறுத்தும்வரை நீங்கள் நிறுத்தக் கூடாது. உங்கள் தொண்டை பக்கத்து ஆளின் கையில் இருக்கிறது! ஒரு சாதாரண அளவு மதுவைக் கழிக்கவே ஈரலுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் தேவை. காப்பியோ குளிர்ந்த நீரோ அதை விரைவுபடுத்தாது. ஆட்டம் அந்த ஒரு மணி நேரத்தைக் கொடுப்பதில்லை.

கூழாங்கல்:
நடுவில் வருவதற்கு மன்னியுங்கள். நான் குடிப்பதில்லை, ஆனால் இந்த ஆட்டங்களில் நிறைய உட்கார்ந்திருக்கிறேன். ராஜா சீட்டில் ஒரு சீட்டு வந்தால், "நான் ஒருபோதும் இதைச் செய்ததில்லை" என்று ஒருவர் சொல்ல, செய்தவர்கள் ஒரு மிடறு குடிக்கும் ஆட்டம் தெரியுமல்லவா? ஒரு கூட்டத்தில் எனக்குப் பழச்சாறு வைத்தார்கள். ஆட்டத்துக்கு எந்தக் குறையும் வரவில்லை. வாய்விட்டுச் சொல்லத் தயங்கியதை ஒரு மிடறில் ஒப்புக்கொண்டோம். இன்றைக்கும் நெருங்கியிருக்கும் இரண்டு தோழிகள் எனக்கு அந்த இரவில் கிடைத்தவர்கள். இன்னொரு கூட்டத்தில் பழச்சாறு கேட்டேன். "விதி விதிதான்" என்றார்கள். எழுந்து வந்துவிட்டேன். அன்று ஒரு பையனைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதாயிற்று என்று மறுநாள் கேள்விப்பட்டேன். இரண்டு இடத்திலும் ஒரே ஆட்டம்தான்.

ஓலைக்கட்டு:
நீங்கள் சொன்ன அந்த இரண்டாம் இரவும் என் குறிப்பேட்டில் இருக்க வேண்டியது. இதுவரை விதிகளையும் திரிபுகளையும் மட்டும் எழுதி வந்தேன்.

நேர்க்கோடு:
நான் கேட்பது அதுதான். சேகரிக்க வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். யார் "போதும்" என்றார், சுற்றியிருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

ஓலைக்கட்டு:
எழுதுகிறேன். கூழாங்கல், அந்த முதல் கூட்டத்தில் பழச்சாறு வைக்கலாம் என்று முதலில் சொன்னது யார்?

கூழாங்கல்:
ராஜா சீட்டை எடுத்தவள். அன்று எங்கள் கூட்டத்தில் ராஜா எடுத்தவர் புது விதி போடலாம். அவள் போட்ட விதி அது.