புதுப்பிப்பு: அந்தத் தந்தியில் என்ன இருந்தது?

தந்தி வந்ததும் பிரித்துக்கூடப் பார்க்காமல் எங்கள் வீட்டில் ஒப்பாரி வைத்த கதையை முன்பு எழுதியிருந்தேன். உள்ளே என்ன இருந்தது என்று பலர் கேட்டீர்கள். பெரிய அத்தையிடம் விசாரித்துவிட்டேன். சித்தப்பாவுக்கு வேலை கிடைத்த செய்தியாம்! பாட்டி அழுததைப் பார்த்து அடுத்த வீட்டுக்காரர் பந்தலுக்கே ஆள் அனுப்பிவிட்டாராம். (சித்தப்பா இதை இன்றும் மறுக்கிறார்; நான் அத்தை பக்கம்.)

பாட்டியைக் குறை சொல்ல முடியாது. சொல்லுக்கு இவ்வளவு என்று காசு வாங்குவார்கள் என்பதால், ஊரில் அவசரத்துக்குத்தான் தந்தி அடிப்பார்கள். அது பெரும்பாலும் சாவுச் செய்திதான். வாழ்த்துத் தந்தி வேறு ரகம். வாழ்த்து வாசகங்களுக்கு முன்கூட்டியே எண் போட்டு வைத்திருப்பார்கள்; அந்த எண்ணைச் சொன்னால் போதும், முழு வாழ்த்தும் போய்ச் சேரும். 2013 ஜூலையில் தந்திச் சேவையே நின்றுவிட்டது.

அப்புறம், தந்தி கொண்டுவந்தவருக்கு அன்று என்ன கிடைத்தது என்று ஒருவர் கேட்டிருந்தார். முதலில் திட்டு, பிறகு காபி.