யுகுலேலேயில் வீட்டிலேயே பிக்கப் பொருத்தியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

யுகுலேலே என்பது நான்கு தந்திகள் கொண்ட, சின்னக் கிடார் போன்ற கருவி. என்னிடம் இருப்பது மகோகனி மரத்தில் செய்த, கான்சர்ட் எனப்படும் நடுத்தர அளவு யுகுலேலே. பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கும்போது அதை வாசிக்கிறேன். கூடத்தில் மைக்கை முன்னால் நிறுத்தினால், கொஞ்சம் திரும்பினாலும் ஒலி அறுந்துபோகிறது. அதனால்தான், அதிர்வை மின்சிக்னலாக மாற்றும் பிக்கப் ஒன்றைக் கருவியிலேயே பொருத்த முடிவு செய்தேன்.

கிடாருக்கான காந்தப் பிக்கப் இதற்கு உதவாது. யுகுலேலேயின் தந்திகள் நைலான் அல்லது ஃப்ளூரோகார்பன். இரும்பு கலவாத தந்தி எவ்வளவு அதிர்ந்தாலும் காந்தத்துக்குத் தெரியாது. நமக்கு வேண்டியது அழுத்தத்தை மின்சாரமாக்கும் பீசோ. சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறக்கிறது என்று கியூரி சகோதரர்கள் 1880-இல் கண்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் போர்த்துகலின் மதீராத் தீவின் தச்சர்கள் ஹவாயின் ஹொனலுலுவில் கப்பலிலிருந்து இறங்கினார்கள்; அவர்கள் கைவேலையிலிருந்துதான் யுகுலேலே பிறந்தது. இரண்டும் ஏறக்குறைய ஒரே வயது என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

சென்னை ரிச்சி தெருவில் பஸ்ஸருக்கென்று விற்கும் பித்தளைத் தகடே போதும். நடுவில் வெள்ளையாக இருப்பது பீங்கான். சிக்னல் வயரை அந்த நடுப்பகுதியிலும் எர்த் வயரைப் பித்தளை விளிம்பிலும் பற்றவைக்க வேண்டும். வெள்ளைப் பகுதியில் சால்டரிங் அயர்ன் தொட்டவுடன் விலகிவிட வேண்டும். சூடு நீடித்தால் மேற்பூச்சு உரிந்துவிடும். வயர் கண்டிப்பாக ஷீல்டு உள்ளதாக இருக்கட்டும். சாதாரண வயர் என்றால் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் உறுமல் பாட்டோடு சேர்ந்து ஒலிக்கும்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான்: தகட்டின் இடம் காதுக்குப் பிடிக்கும்வரை மரத்தில் துளை போடாதீர்கள். சுவரில் படம் ஒட்டும் பசைக்களிமண்ணை ஒரு பட்டாணி அளவு எடுத்து, தகட்டை மேற்பலகையின் உட்புறம் ஒட்டினேன். கேபிளைச் செருகும் ஜாக் ஒலித்துளை வழியே வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரே பல்லவியை வாசித்து, தகட்டை விரல் அகலம் நகர்த்தி மறுபடி வாசித்தேன். ஒலித்துளைப் பக்கம் வந்தபோது அடித்தொனி வீங்கி, நகம் பலகையில் படும் சத்தமெல்லாம் இடியாகக் கேட்டது. ஏ தந்தியின் பக்கம் ஒதுக்கியபோது அந்த ஒரு தந்தி மட்டும் கூவியது. தந்திகளின் அடிமுனையைக் கட்டியிருக்கும் பிரிட்ஜுக்கு நேர் கீழே, சி தந்திக்கும் ஈ தந்திக்கும் நடுவில் வைத்தபோது நான்கும் சமமாக எழுந்தன. பென்சிலால் அங்கே குறித்துக்கொண்டேன். உங்கள் கருவியில் உள்சட்டங்கள் வேறு விதமாக இருந்தால் இடமும் மாறலாம். யாரோ சொன்ன அளவை அப்படியே நம்ப வேண்டாம்.

துளை போடும் வேலை அதற்குப் பிறகுதான். ஜாக் உட்காருவது வால்பக்கத்து மரக்கட்டையில். சிறு கண்ணாடியும் டார்ச்சும் வைத்து அந்தக் கட்டை எவ்வளவு தடிமன், நடு எங்கே என்று பார்த்துக்கொள்ளுங்கள். வெளியே மாஸ்கிங் டேப் ஒட்டி, 3 மில்லிமீட்டரில் வழித்துளை போட்டு, பிறகு கையால் திருகும் ரீமரால் 12 மில்லிமீட்டர்வரை மெதுவாக அகட்டினேன். டிரில்லில் பெரிய பிட்டை மாட்டி ஒரேயடியாக இறக்கினால் மெல்லிய பக்கப் பலகை சிலாம்பாகப் பெயர்ந்துவிடும்.

கை உள்ளே போகாதே, ஜாக்கை எப்படிக் கொண்டுபோவது என்று கேட்பீர்கள். பழைய கிடார் தந்தி ஒன்றை வால்துளை வழியே விட்டு ஒலித்துளையில் வெளியே எடுங்கள். அதன் முனையில் ஜாக்கைக் கட்டி இழுத்தால் தானாக வந்து துளையில் நிற்கும்.

மறுமொழி

அக்கா, ஹெட்போனில் நன்றாக இருந்த ஒலி பெரிய ஆம்ப்ளிஃபயரில் தகர டப்பா போல் ஆகிவிட்டது என்று பலர் வருந்துகிறார்கள். தகட்டின் மேல் பழி போட வேண்டாம். 27 மில்லிமீட்டர் தகட்டின் மின்தேக்கம் (மின்னூட்டத்தைத் தேக்கும் திறன்) ஏறத்தாழ 20 நானோஃபாரட். சாதாரண லைன் இன்புட்டின் மின்மறுப்பு, அதாவது சிக்னலுக்கு அது காட்டும் தடை, 10 கிலோ ஓம் என்று வையுங்கள். கணக்குப் போட்டால் சுமார் 800 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதெல்லாம் தேயத் தொடங்குகிறது. நம் தந்திகளோ சி 262, ஈ 330, ஜி 392, ஏ 440 ஹெர்ட்ஸ். நான்கின் அடிப்படைச் சுருதியும் அந்த எல்லைக்குள் அகப்பட்டுக்கொள்கிறது! அதையே 1 மெகா ஓம் இன்புட்டில் செருகினால் எல்லை 8 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். சின்னத் தகட்டில் மின்தேக்கம் இன்னும் குறைவு என்பதால் அதற்கு இந்தக் கவனம் கூடுதலாக வேண்டும்.

கிடார் ஆம்ப்ளிஃபயரில் பொதுவாக இந்தச் சிக்கல் வராது. பாட்டுக்கச்சேரி மிக்ஸரில் செருகுவதாக இருந்தால், ஒற்றை எஃப்இடி வகை டிரான்சிஸ்டரில், சிக்னல் தேயாமல் கடத்தும் ஒரு பஃபர் சர்க்யூட் கட்டி 9 வோல்ட் பேட்டரியோடு சிறு பெட்டியில் போட்டு இடுப்பில் மாட்டிக்கொள்ளுங்கள். பயன்படுத்தாதபோது அணைத்து வைத்தால் பேட்டரி மாதக்கணக்கில் உழைக்கும்.

மறுமொழி

நான் கான்சர்டைவிடப் பெரிய டெனர் வைத்திருக்கிறேன். தகடு ஒட்டாமல், பிரிட்ஜின் பள்ளத்தில் நின்று தந்திகளைத் தாங்கும் சேடிலுக்கு அடியில் இருக்கும் பட்டை பீசோவைப் போட்டேன். ஸ்பீக்கர் அருகில் நின்றாலும் ஊளையிடுவது குறைவு. கூட்டமாக வாசிப்பவர்களுக்கு இதையே சொல்வேன். ஆனால் வேலை நுணுக்கமானது. பட்டையின் தடிமன் அளவுக்குச் சேடிலின் அடியைத் தேய்த்தாக வேண்டும், இல்லாவிட்டால் தந்தி உயர்ந்துவிடும். தட்டையான கண்ணாடியின் மேல் உப்புத்தாளை ஒட்டி, சேடிலைச் செங்குத்தாகப் பிடித்துத் தேய்த்தேன். அடி ஒரு மயிரிழை வளைந்திருந்தாலும் எந்தத் தந்திக்குக் கீழே இடைவெளி விழுகிறதோ அது அமுங்கிப்போகும். பள்ளத்தின் அடித்தளமும் அதே அளவு சமமாக இருக்க வேண்டும்.

மறுமொழி

அக்கா, என் மகளுடையது கான்சர்டைவிடச் சிறிய சோப்ரானோ. பக்கத்தை வெட்டிப் பதிக்கும், சிக்னலைப் பெருக்கும் ப்ரீஆம்ப் பெட்டி போடலாமா?

மறுமொழி

வேண்டாம் தம்பி. சோப்ரானோவின் உடம்பே சின்னது. பெட்டியும் பேட்டரியும் ஏறினால் பிள்ளையின் கைக்குக் கனக்கும், பக்கப் பலகையும் பலமிழக்கும். 20 மில்லிமீட்டர் தகடு ஒன்றும் வால்ஜாக்கும் மட்டும் போடுங்கள். உள்ளே வயர் தொங்காதபடி இரண்டு இடத்தில் ஒட்டிவிடுங்கள். தளர்ந்த வயர் பலகையில் மோதினால் ஒவ்வொரு அடிக்கும் கிணுகிணுக்கும். துளை போடும் முன் அவளையே வாசிக்கச் சொல்லி, எந்த இடத்து ஒலி பிடித்திருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.